ராத்திரிக்கு ஆறு பவுண்டு

என் வீட்டுக்காரர் கதவைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். நான்கு படி இறங்கியதும் நின்று, மறுபடி ஏறிப்போய் இன்னொரு தடவை இழுப்பார். கேஸ் அடுப்பும் அப்படித்தான். திருகு மூடியிருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்காக அதைத் திறந்து, மூடி, மூடிவிட்டோமா என்று குனிந்து மோந்து பார்ப்பார். கல்யாணமான புதிதில் எவ்வளவு பொறுப்பான மனுஷன் என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டேன். பத்தொன்பது வருஷம் கீழே தெருவில் கைப்பையோடு காத்து நின்ற பிறகு அந்தப் பேச்சை நான் எடுப்பதில்லை.

பதினாறு வருஷம் டயர் கடையில் வேலை பார்த்தார். அங்கே இவருக்கு ‘முள்’ என்று பட்டப்பெயர். காற்றுப் பிடிக்கிற கேஜின் முள்ளைப் பார்த்துக்கொண்டே நிற்பதால் வந்தது. முப்பத்திரண்டு என்றால் முப்பத்திரண்டு. முப்பத்திரண்டரை என்றால் இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுவார். வண்டிக்காரர் அவசரம் என்று ஹாரன் அடித்தாலும், பிடித்து முடித்த டயரில் இன்னொரு தடவை கேஜை வைத்துப் பார்த்துத்தான் அனுப்புவார். டயர் பெரிய சாமான். அதில் நூறு தடவை கேஜை வைத்துப் பார்த்தாலும் முள் அசையாது. இவருடைய குணத்துக்குத் தைத்து வைத்த சட்டை மாதிரி இருந்தது அந்த வேலை.

அந்தக் கடையை ஒரேயடியாக மூடிவிட்ட பிறகு, குன்றின் அடிவாரத்தில் மலை சைக்கிள் வாடகைக்கு விடுகிற நிலையத்தில் சேர்ந்தார். பதினெட்டு சைக்கிள், எல்லாம் ஒரே மாடல். மக்கள் அதை எடுத்துக்கொண்டு காட்டுப் பாதையில் மேலே போய், வேரிலும் கல்லிலும் குதித்துக் குதித்து இறங்கி வருவார்கள். இதில் என்ன சுகம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்தக் குதிப்பைத் தாங்குவதற்காக முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இடது காலுக்குள் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றை அடைத்து வைத்திருக்கிறார்கள். கனமான ஆளுக்குக் காற்று கூட, ஒல்லிக்குக் குறைச்சல். ஆள் மாறினால் காற்றையும் மாற்ற வேண்டும், அதுதான் இவர் வேலை.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. ஃபோர்க்கின் பளபளப்பான தண்டில் ஒரு ரப்பர் வளையம் மாட்டியிருக்கும். அதை அடிவரை தள்ளிவிட்டு ஆளை ஏறி உட்காரச் சொல்வார். “ஆடாதீங்க, அலுங்காம இறங்குங்க” என்பார். இறங்கியதும், வளையம் எவ்வளவு தூரம் மேலே ஏறி நிற்கிறது என்று ஸ்கேல் வைத்து அளப்பார். மொத்த ஓட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு அழுந்தியிருந்தால் சரி. அதிகம் என்றால் காற்றை ஏற்றுவார், குறைவு என்றால் இறக்குவார். அளவெடுத்துத் தைக்கிற எனக்கு இது பிடித்திருந்தது. நான் தெருமுனைத் தையல் கடையில் ஆல்டரேஷன் பார்க்கிறவள்.

காற்று ஏற்ற டயர் பம்ப் உதவாது. அதற்கென்று கையடக்கமாக ஒரு பம்ப், அதில் ஒரு சின்ன கேஜ், ஒரு சாண் நீளத்துக்கு ஹோஸ். ஃபோர்க்கின் தலையில் இருக்கும் மூடியைக் கழற்றி, ஹோஸை வால்வில் திருகி மாட்ட வேண்டும். ஹோஸைத் திரும்பக் கழற்றும்போது ‘புஸ்’ என்று ஒரு சத்தம் வரும். முதல் நாள் அதைக் கேட்டு இவர் பதறிவிட்டாராம். சைக்கிள்களை இறக்க வந்த கம்பெனி ஆள் சிரித்துவிட்டு, அது ஹோஸில் நிற்கிற காற்று, ஃபோர்க்கில் இருப்பது அப்படியே இருக்கும், வால்வு தானாக மூடிக்கொள்ளும் என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது உண்மைதான். இத்தனை கூத்தும் அந்த உண்மையால்தான் வந்தது.

இப்போது என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கும் அவனுக்கும் பதினொரு வயது வித்தியாசம். நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். பத்து வயதில் பள்ளிக்கூட ஷெட்டில் நின்ற சைக்கிள்கள் அத்தனையிலும் ஒரே இடைவேளையில் காற்றைப் பிடுங்கிவிட்டான். தலைமையாசிரியர் சைக்கிளையும் விட்டுவைக்கவில்லை. அன்றிலிருந்து அவனுக்கு ‘புஸ்’ என்று பெயர். முப்பது வயதாகியும் தெருவில் அவனை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எந்த வேலையிலும் ஆறு மாதம் தரிக்காதவன். நிலையத்தில் இரவுக் காவலுக்கும் சைக்கிள் கழுவவும் ஆள் தேவை என்றதும் இவர்தான் ஓனரம்மாவிடம் சொல்லி அவனைச் சேர்த்துவிட்டார். நிலையத்தின் பின்னறையில் ஒரு கட்டில், ஒரு மின்விசிறி. ஒரு வருஷத்துக்கு மேல் ஒழுங்காக இருந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. மாமாவும் மச்சானும் ஒரே தட்டில் இருந்து எடுத்துச் சாப்பிட்டுவிட்டு என்னைக் கிண்டல் செய்வார்கள். எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

மழைக்காலத்துக்கு முன்னால் ஓனரம்மா புது ஏற்பாடு ஒன்று செய்தார். சாயங்காலம் சைக்கிள்கள் திரும்பியதும் எல்லா ஃபோர்க்கையும் நடுத்தரமான ஆளுக்குப் பொருந்துகிற மாதிரி எண்பது பவுண்டில் வைத்துவிட வேண்டும். காலையில் வருகிறவருக்கு ஏற்றபடி கொஞ்சம் கூட்டிக் குறைத்தால் போதும், வரிசை நகரும் என்றார். நல்ல யோசனை. இவர் சாயங்காலம் பதினெட்டையும் எண்பதில் வைத்தார்; இருட்டிவிடும் என்று, மறுபடி மாட்டிப் பார்ப்பதை மட்டும் காலைக்கு ஒத்திவைத்தார். காலையில் போனதும், இவர் ஆயிற்றே, சும்மா ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று பம்பை மாட்டினார். முள் எழுபத்திநாலில் நின்றது. அடுத்ததும் எழுபத்திநாலு. பதினெட்டும் எழுபத்திநாலு.

அன்று வீட்டுக்கு வந்து டீயைக் கையில் வைத்துக்கொண்டே ஆறவிட்டார். ராத்திரிக்கு ஆறு பவுண்டு எங்கே போகிறது என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். குளிரில் காற்று சுருங்கும், ஆனால் அது இரண்டு பவுண்டுக்குமேல் இருக்காது, அதுவும் குளிர் நாளில்தான் என்று தானே பதிலும் சொன்னார். ஒழுகுகிறதோ என்று மறுநாள் வால்வுகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. மூன்று ஃபோர்க்கைப் பிரித்து ரப்பர் சீலை மாற்றினார். பழைய சீலில் ஒரு கீறல் இல்லை. மறுநாள் காலை எழுபத்திநாலு.

சீல் கெட்டுப்போயிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருப்பார். ஒரு வாரம் மண்டையைக் குடைந்துகொண்ட பிறகு ஒரு முடிவுக்கு வந்தார். அந்த முடிவு அவ்வளவு புத்திசாலித்தனமாக இருந்ததுதான் ஆபத்து. ஓட்டை என்றால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி ஒழுகும். ஒன்றில் இரண்டு குறையும், ஒன்றில் பத்து குறையும். பதினெட்டிலும் சொல்லிவைத்த மாதிரி ஆறு குறைகிறதென்றால் அது மனுஷன் வேலை. யாரோ உட்கார்ந்து அளந்து எடுக்கிறான். ராத்திரி அங்கே இருப்பது ஒரே ஒருத்தன்.

“உன் தம்பி சின்ன வயசுல பண்ணினதைத்தான் இப்பவும் பண்றான்” என்றார்.

எதற்காகப் பண்ணுகிறான் என்று கேட்டேன். அதுதான் எனக்கும் புரியவில்லை என்றார். விளையாட்டுக்கு இருக்கலாம், என்னை ஓனரம்மா முன்னால் மட்டம் தட்ட இருக்கலாம் என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்துக்கு அடியில், உண்மையைச் சொன்னால், ஒரு சந்தேகமும் வந்தது. அந்தப் பள்ளிக்கூட ஷெட்டில் நின்று, நான் தொடவே இல்லைக்கா என்று என் கண்ணைப் பார்த்துச் சொன்னவன்தானே இவன். அவன் சட்டைப்பையில் அப்போது பதினான்கு வால்வு மூடி இருந்தது.

அன்று மாலையே போன் செய்து கேட்டேன். இல்லை என்றான். மறுநாள் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் நிலையத்துக்குப் போய் நேரில் கேட்டேன். இல்லை என்றான். சிரித்துக்கொண்டே கேட்டுப் பார்த்தேன், திட்டிக் கேட்டுப் பார்த்தேன், மாமாவிடம் சொல்லமாட்டேன், என்னிடம் மட்டும் சொல்லு என்று கெஞ்சியும் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் இல்லை என்றான். ஒரு தடவை பார்த்தது போதாதென்று மறுபடி மறுபடி இழுத்துப் பார்க்கிற வியாதி இவரிடமிருந்து எனக்கும் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது.

இவர் சும்மா இருந்தாரா? என் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூல்கண்டை எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் எண்பது வைத்து, மூடியைப் போட்டு, ஒவ்வொரு மூடியின் மேலும் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டார். காலையில் முடிச்சு போட்டது போட்டபடி இருந்தது. முள் எழுபத்திநாலு. அப்போதாவது அவன் தொடவில்லை என்று ஒப்புக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்து, அவிழ்த்துவிட்டு அதே மாதிரி திரும்பக் கட்டியிருக்கிறான், தையல்காரி தம்பிதானே என்றார். நான் கையிலிருந்த கத்தரிக்கோலை மேஜை இழுப்பறைக்குள் பத்திரமாக வைத்து மூடினேன்.

அப்புறம் மழை பிடித்தது. காட்டுப்பாதை சேறாகி எட்டு நாள் சைக்கிளை வெளியே எடுக்கவில்லை. இவருக்குக் காய்ச்சல், எட்டு நாளும் படுக்கை. நிலையத்தில் தம்பி மட்டும்தான். ஒன்பதாம் நாள் போர்வையைப் போர்த்திக்கொண்டு போய்ப் பம்பை மாட்டினார். எட்டு ராத்திரிக்கு நாற்பத்தெட்டு குறைந்திருக்க வேண்டும். எழுபத்திநாலு. ஒரே ஒரு ராத்திரி கணக்கு. இவர் அங்கேயே ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாராம். தம்பி டீ கொண்டுவந்து நீட்டியிருக்கிறான். இவர் டீயை வாங்கிக்கொண்டு, ஏன்டா ஒரு நாள் மட்டும் எடுத்தாய் என்று கேட்டிருக்கிறார். அவனுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. எனக்கு மட்டும் என்ன புரிந்தது? இவருக்குப் புரிந்ததா என்றால் அதுவும் இல்லை. மூன்று பேரும் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தோம்.

விஷயம் ஓனரம்மா காதுக்குப் போனது. அவர் அதிகம் பேசுகிற மனுஷி இல்லை. காற்று குறைவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, காலையில் ஏற்றிக்கொள்ளலாம், ஆனால் ஒருத்தரை ஒருத்தர் நம்பாத இரண்டு பேரை வைத்துக்கொண்டு நான் தொழில் நடத்த முடியாது என்றார். சனிக்கிழமைக்குள் அவன் எடுத்தானா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் காவலுக்கு வேறு ஆள் என்றார். தம்பி அதைக் கேட்டுவிட்டு, பெட்டி கட்டட்டுமா மாமா என்று மட்டும் கேட்டானாம். கடலுக்கு அந்தப்பக்கம் யாரோ கூப்பிடுகிறார்கள், கப்பல் பட்டறையில் வேலை என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். போனால் மூன்று வருஷம் திரும்ப முடியாத ஒப்பந்தம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இவர் பதினோராம் நம்பர் சைக்கிளை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். இரண்டு மாடி தூக்கி ஏற்றி, எங்கள் படுக்கையறையில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நிறுத்தினார். கைப்பிடி என் தலையணையைத் தொட்டுக்கொண்டிருந்தது. விஷயத்தை எனக்கு விளக்கினார். இங்கே உன் தம்பி வர முடியாது. காலையில் எண்பது அப்படியே நின்றால், எடுக்கிறவன் அவன்தான் என்று ஆகிவிடும். குறைந்தால் அவன் மேல் தப்பில்லை. இதைச் சொல்லிவிட்டு என் கண் முன்னாலேயே எண்பது வைத்து மூடினார்.

வாழ்க்கையில் நான் எத்தனையோ விஷயங்களுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு சைக்கிளில் காற்றுக் குறைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. காலையில் அவர் பம்பை மாட்டும்போது நான் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். ஹோஸைத் திருகுகிற சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். எழுபத்திநாலு. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பார்த்தீர்களா, என் தம்பி இல்லை, என் தம்பி இல்லை என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

அவர் முள்ளிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். மெதுவாக, மேலிருந்து கீழாக. ராத்திரி அந்த அறையில் அவரும் நானும்தான் இருந்தோம். குறைந்தால் என் தம்பி தப்பிப்பான் என்று எனக்குத் தெரியும்.

“நீ தொட்டியா?” என்றார்.

அதற்குப் பிறகு நான் பேசியதை இங்கே எழுத முடியாது. பக்கத்து வீட்டில் ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டார்கள் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். பத்தொன்பது வருஷம் தெருவில் நின்றதெல்லாம் அன்று வெளியே வந்தது. அவர் மறுபடி எண்பது வைத்தார். அன்று நான் கூடத்தில் பாயை விரித்துப் படுத்தேன். நீங்கள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளுங்கள், சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள், வேண்டுமானால் சைக்கிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குங்கள் என்று சொல்லிவிட்டேன். ஆனால் படுத்த பிறகு எனக்கே ஒரு பயம் வந்தது. நேற்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேனே, இருட்டில் கை எங்காவது பட்டிருக்குமோ என்று யோசித்தேன். இல்லை என்று தெரிந்தும் யோசித்தேன். ஒருத்தர் கேட்டுவிட்டால் போதும் போலிருக்கிறது, செய்யாததுகூடச் செய்தது போல ஆகிவிடுகிறது.

வியாழக்கிழமை காலையில் கதவு திறந்தது. இவர் பேயறைந்த மாதிரி நின்றார்.

“எழுபத்திநாலு” என்றார். அப்புறம், “அப்ப நானா?” என்று என்னைக் கேட்டார்.

அதைக் கேட்டதும் என் கோபம் பாதி இறங்கிவிட்டது. தூக்கத்தில் எழுந்து நடக்கிற ஆள் இல்லை இவர். விழித்திருக்கும்போதே நாலு தடவை யோசித்துத்தான் நடப்பார். வாருங்கள், நீங்கள் என்னதான் செய்கிறீர்கள் என்று நான் ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்க்கிறேன் என்றேன். இத்தனை நாள் அந்தச் சனியனை நான் கிட்டே போய்ப் பார்த்ததில்லை. முதலில் எண்பது வைத்துக் கழற்றச் சொன்னேன். கழற்றினார், புஸ் என்றது. மறுபடி மாட்டிக் காட்டுங்கள் என்றேன். ராத்திரி ஆகவில்லையே, இப்போது எதற்கு என்றார். மாட்டுங்கள் என்றேன்.

மாட்டினார். கேஜில் முள் பூஜ்யத்திலிருந்து விருட்டென்று ஏறியது.

“நீங்க இன்னும் பம்பை அடிக்கவே இல்லையே. முள்ளை எது தூக்குச்சு?”

“உள்ள இருக்கற காத்துதான். வால்வு திறந்ததும் ஹோஸுக்குள்ள வந்து முள்ளைத் தள்ளும்.”

“சரி, வெளிய வந்த காத்து திரும்ப உள்ள போயிடுமா?”

“அது எப்படிப் போகும்? கழட்டும்போது புஸ்ஸுன்னு…”

அத்தோடு நிறுத்திவிட்டார். வாய் திறந்தபடி இருந்தது. முள் எழுபத்திநாலில் நின்றுகொண்டிருந்தது. அந்த எண்பதுக்கும் இந்த எழுபத்திநாலுக்கும் நடுவில் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

கழற்றினார். மாட்டினார். அறுபத்தெட்டரை. கழற்றினார், மாட்டினார். அறுபத்திமூன்று. கம்பெனி ஆள் சொன்னது சரி. புஸ் என்று போவது ஹோஸில் இருக்கிற காற்றுதான். காற்று ஏற்றிவிட்டுக் கழற்றினால் அது பம்ப் கொடுத்த காற்று, ஃபோர்க்குக்கு நஷ்டம் இல்லை. ஆனால் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்காக மாட்டினால் ஹோஸை நிரப்ப ஃபோர்க்குதான் காற்றைக் கொடுக்க வேண்டும். டயருக்கு அது கடலில் ஒரு சொட்டு. உள்ளங்கையளவு அறை வைத்திருக்கும் ஃபோர்க்குக்கு அது ஆறு பவுண்டு. ராத்திரி யாரும் ஒன்றும் எடுக்கவில்லை. காலையில் எண்பது அப்படியேதான் இருந்திருக்கிறது, இவர் போய்ப் பார்க்கிற வரைக்கும். பதினெட்டிலும் ஒரே ஆறு குறைந்ததற்குக் காரணம், பதினெட்டுக்கும் ஒரே ஹோஸ். எட்டு நாளைக்கு ஒரே ஆறு குறைந்ததற்குக் காரணம், இவருக்குக் காய்ச்சல்.

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். என் தொழிலில் ஒரு துணியை எத்தனை தடவை டேப் வைத்து அளந்தாலும் ஒரு நூல் குறையாது. அளக்கிறவன் கையே அளவைத் தின்னும் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. இவர் தரையில் உட்கார்ந்து பம்பை மடியில் வைத்துக்கொண்டு, பதினாறு வருஷம், பதினாறு வருஷம் கேஜ் பிடித்தேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அந்த பம்பாலேயே ஒன்று போட வேண்டும் போலவும் இருந்தது.

சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்கவில்லை. அன்றே இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நிலையத்துக்குப் போனோம். தம்பி பின்னறையில் பெட்டியை மூடி, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தான். இவர் ஓனரம்மாவையும் அழைத்து நிறுத்தி, ஒவ்வொன்றாக மாட்டிக் கழற்றிக் காட்டினார். காட்டி முடித்துவிட்டு, தப்பு என் மேல்தான், அவன் தொடவில்லை, நான்தான் தினமும் எடுத்திருக்கிறேன் என்று சத்தமாகவே சொன்னார். இவர் தப்பை ஒப்புக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. அசடு வழிந்தாலும் நேராக நின்று சொன்னார். ஓனரம்மா, இனிமேல் சாயங்காலம் வைத்ததோடு சரி, காலையில் ஆளை உட்கார வைத்து வளையத்தை மட்டும் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தம்பி சிரித்தான். தலைமையாசிரியர் சைக்கிளைவிடப் பெரிய வேலை பண்ணிவிட்டீர்களே மாமா, இனி புஸ் பட்டம் உங்களுக்குத்தான் என்றான். இவரும் சிரித்தார். பெட்டியைத் திறந்து சட்டைகளை ஆணியில் மாட்ட ஆரம்பித்தான். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். நான் ஒரு சட்டையை எடுத்து உதறிக்கொடுக்கப் போனபோது அதை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டான்.

“மாமா சொன்னதுகூடப் பரவாயில்லக்கா. அவர் குணம் அது. நீ என்னை எத்தனை தடவை கேட்டேன்னு தெரியுமா?”

எனக்குத் தெரியவில்லை.

“ஒன்பது தடவை. மூணு தடவை வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியல. அஞ்சாவது தடவைக்கு அப்புறம் தூக்கத்துல எந்திரிச்சு நானே புடுங்கறேனோன்னு பயந்து, கால்ல கயிறு கட்டிக் கட்டில்ல முடிஞ்சுட்டுப் படுத்தேன்.”

கட்டில் காலில் அந்தக் கயிறு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. சட்டைகள் எல்லாவற்றையும் அவனே மாட்டினான். நாங்கள் திரும்பி வந்துவிட்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் சாப்பிட வரவில்லை. சேறு காய்ந்துவிட்டது, கூட்டம் அதிகமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த ஞாயிறும் வரவில்லை. வேலையில்தான் இருக்கிறான், நன்றாகத்தான் இருக்கிறான், மாமாவோடு பேசுகிறான், சிரிக்கிறான் என்று இவர் வந்து சொன்னார். எனக்கு மட்டும் போன் இல்லை. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்தேன். கோபம் போயிற்றா, கொஞ்சமாவது குறைந்ததா, என்னைப் பற்றி ஏதாவது சொன்னானா என்று இவரைக் குடைந்தேன். கடைசியில் பொறுக்க முடியாமல் போனை எடுத்தேன். ஒரே ஒரு தடவை கேட்டுவிடுகிறேன், என் மேல் கோபமா என்று மட்டும் கேட்டு வைத்துவிடுகிறேன் என்றேன்.

இவர் எழுந்து வந்தார். கதவை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற அந்தக் கையால் என் கையிலிருந்து போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தார்.

“பார்க்காத. விடு” என்றார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வந்தான். செருப்பை விடும்போது என் முகத்தைப் பார்த்தான். நான் கேட்கப்போகிறேன் என்று காத்துக்கொண்டு நின்றான். நான் கேட்கவில்லை. தட்டை எடுத்து வைத்தேன்.